விலைபோகாமல் வளர்வது எப்படி? புகழை நாடும் சிங்கப்பூர்த் தமிழ் இசைக் கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் தமிழில் சொந்தமாகப் பாட்டெழுதி இசையமைக்கும் ஒருவர் ஓரளவு பெயர் பெறத் தொடங்கியதும், ‘இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பது?’ என்ற கேள்வி அவருக்கு வீட்டிலிருந்தே வரும். அந்த வட்டத்தைத் தாண்டிப் போனதும், ‘ஆள் விலைபோய்விட்டார்’ என்ற பேச்சு அவரோடு சேர்ந்து வாசித்தவர்களிடமிருந்தே வரும். இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பரவலான புகழை நாடுவது சரியா தவறா என்று பொதுவில் வாதிடுவதால் ஒரு பாட்டுக்கும் நன்மை விளைந்ததில்லை. ஒரு குறிப்பிட்ட பாட்டையும், அதற்கு வந்த ஒரு குறிப்பிட்ட வாய்ப்பையும், அந்த வாய்ப்பு கேட்கும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தையும் முன்னே வைத்துக்கொண்டு, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று பார்க்கும்போதுதான் தெளிவு பிறக்கிறது.

இந்தக் கேள்வி நம் ஊரில் சென்னையைவிடக் கடுமையாக எழுவதற்குக் காரணம் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலுமான குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், 2010இல் இது 3.3 விழுக்காடாக இருந்தது. இந்த எண்ணிக்கைக்குள் திரைப்பாடலையே விரும்புவோரைக் கழித்துவிட்டால், உள்ளூர்த் தமிழ்ப் பாட்டைத் தேடிக் கேட்போர் எவ்வளவு பேர் மிஞ்சுவர் என்பதை எவரும் ஊகிக்கலாம். ஆகவே இங்கே சமரசமே செய்யாமல் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறொரு வேலை பார்க்கிறார்கள். அந்த வேலையின் சம்பளமே ஸ்டூடியோ வாடகையைக் கட்டுகிறது. அதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் தூய்மை என்று நாம் பாராட்டுவதில் ஒரு பங்கு அந்தச் சம்பளத்துக்கும் உரியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இசையையே பிழைப்பாக்கத் துணிந்த ஒருவரை நாம் இவ்வளவு எளிதாகப் பழிக்கமாட்டோம்.

முதலில் குற்றச்சாட்டைப் பிரித்துப் பாருங்கள்

‘விலைபோய்விட்டார்’ என்று சொல்லும்போது, பணம் வாங்கினார், கூட்டத்தைத் தேடினார், எளிமையாக்கினார், வடிவத்தை மாற்றினார் என்ற நான்கையும் ஒன்றாகக் கட்டி ஒரே பழியாகச் சுமத்துகிறோம். இவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நம் மரபிலேயே மறுப்பு இருக்கிறது.

பாரதியார் 1912இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முகவுரையில், ‘எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் அறிந்துகொள்ளக்கூடிய சந்தம், பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு’ ஆகியவற்றை உடைய காவியத்தைச் செய்து தருகிறவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் தருகிறான் என்று எழுதினார். கூட்டத்தைத் தேடுவதையும் எளிமையையும் அவர் கடமையாகவே கண்டார். இன்று கர்நாடக இசையின் மாறாத மரபு என்று நாம் கருதும் கச்சேரி அமைப்பு, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைநிறுத்தியது. கற்பனையால் விரித்துப் பாடும் நீண்ட ராகம் தானம் பல்லவிக்கு முதன்மை இருந்த இடத்தில், வர்ணத்தில் தொடங்கிப் பல கீர்த்தனைகளை அளவோடு பாடி, துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்களில் முடிக்கும் முறையை அவர் பரவலாக்கியபோது, பலதரப்பட்ட மக்கள் அமரும் சபாக்களின் காலம் அதை வேண்டி நின்றது. பணத்துக்காகச் செய்வது பற்றியும் ஒன்று சொல்லலாம். எம். எஸ். சுப்புலட்சுமி 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக ஆண் வேடத்தில் நடித்ததற்குக் காரணம், ‘கல்கி’ இதழைத் தொடங்கப் பணம் தேவைப்பட்டதே. அதை வைத்து அவருடைய இசையை இன்று யாரும் குறைத்து மதிப்பதில்லை.

அப்படியானால் எதுதான் தவறு? பாட்டைப் பற்றிய ஒரு முடிவை, அந்தப் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்காத ஒருவர் எடுத்திருக்க, அல்லது வாய்ப்பை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் எடுத்திருக்க, அதை நம்முடைய சொந்த முடிவு என்று பாட்டின்மேல் பெயர் போட்டு வெளியிடுவதே விலைபோவது என்று நான் கருதுகிறேன். கேட்பவர் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்பவை இதில் சேரா. பத்துப் பேர் மட்டுமே கேட்கும் பாட்டிலும், அந்தப் பத்துப் பேரின் பாராட்டை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி எடுத்த முடிவு இருந்தால், அதுவும் விலைபோனதே.

இதைக் கண்டறிய ஒரு தாள் போதும். பாட்டின் முதல் டெமோவுக்கும் (சோதனைப் பதிவுக்கும்) வெளியிடப்போகும் வடிவத்துக்கும் இடையில் நிகழ்ந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை யார் கேட்டார் என்பதையும், அதனால் பாட்டுக்குள் எது மேம்பட்டது என்பதையும் குறியுங்கள். தயாரிப்பாளர் கேட்டதாலேயே ஒரு மாற்றம் கெட்டதாகிவிடாது. நல்ல தயாரிப்பாளர் பல வேளைகளில் நம்மைவிடக் கூர்மையாகக் கேட்கிறார். ஆனால் இரண்டாவது குறிப்புக்கு எழுத எதுவும் கிடைக்காமல், ‘இப்படிச் செய்தால்தான் ஓடும்’ என்பதை மட்டுமே எழுத முடிந்த மாற்றங்களை வட்டமிடுங்கள். பேச்சுவார்த்தை நடத்த வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

பாட்டு எதன்மேல் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றிலும் இதுவே முதன்மையான வேலை. வாய்ப்பு வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலையும்கூட. ஒப்பந்தம் மேசைமேல் இருக்கும்போது எல்லாமே விட்டுக்கொடுக்கக்கூடியதாகத் தோன்றும். அல்லது எதையுமே விட்டுக்கொடுக்க முடியாததாகத் தோன்றும்.

பாட்டிலிருந்து ஒவ்வோர் அம்சமாக நீக்கிப் பாருங்கள். முதலில் சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு தாளமும் பின்னணியும் இல்லாமல் பாடுங்கள். அடுத்து, சொற்களை எடுத்துவிட்டுத் தத்தகாரத்தில் ‘தன்ன தானனா’ என்று பாடிப் பாருங்கள். அப்போதும் உள்ளம் அசைந்தால் பாட்டு மெட்டின்மேல் நிற்கிறது. பின்னர் வரிகளை மெட்டில்லாமல், ஒரு நண்பரிடம் சொல்வதுபோல உரக்க வாசியுங்கள். அப்போதும் அவை நின்றால் பாட்டு சொல்லின்மேல் நிற்கிறது. பீட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், நடையை மாற்றியும் பாருங்கள். மூன்றின் நடையான திஸ்ரத்திலிருந்து நான்கின் நடையான சதுஸ்ரத்துக்கு மாற்றியதும் பாட்டு செத்துவிட்டால், அதன் உயிர் தாளத்தில் இருந்தது என்று பொருள். கடைசியாக வேறொருவரைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். சில பாடல்கள் ஒரு குரலின் கரகரப்பில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றை வேறு பாடகருக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஏற்கக்கூடாது.

இந்தச் சோதனையின் முடிவில், இந்தப் பாட்டில் தொடக்கூடாதவை இவை என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம். எல்லாவற்றையும் தொடக்கூடாதவை என்று சொல்கிற கலைஞர்கள்தான், எந்த இடத்தில் உறுதியாக நிற்பது என்று தெரியாமல், கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்ப் பாட்டில் பெரும்பாலும் முதலில் பறிபோவது உச்சரிப்பு. பிறர் செய்த பீட்டில், நான்கு அசைக்கு மேல் இடமில்லாத ஹூக்கில் (மனத்தில் பதிய மீண்டும் மீண்டும் வரும் துண்டில்) ஒரு தமிழ் வரியைத் திணிக்கும்போது குறில் நெடிலாகிறது, நெடில் குறிலாகிறது. ‘விடு’ என்று எழுதியது ‘வீடு’ என்று ஒலிக்கிறது, ‘கால்’ என்று எழுதியது ‘கல்’லாகிறது. கேட்பவர் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாமல் போகலாம். பாடுபவருக்குத் தெரியும். இந்த இடத்தில் வரியை மாற்றலாம், பீட்டை மாற்றலாம், ஹூக்கையே வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். மொழியை உடைத்து அதை நவீனம் என்று சொல்லிக்கொள்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வேண்டுமென்றே பேச்சுவழக்கின் நீட்டலையும் சுருக்கலையும் பயன்படுத்துவது வேறு. அதைச் செய்பவருக்குத் தான் செய்வது தெரிந்திருக்கும்.

நீளத்தைப் பற்றிய கோரிக்கை இப்போது எல்லாருக்கும் வருகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடியேனும் கேட்டால்தான் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் சேரும். ஆகவே முன்னிசையை வெட்டு, பல்லவியை முன்னே கொண்டுவா என்பார்கள். பாட்டு தாங்குமானால் செய்யுங்கள். பல்லவியிலேயே தொடங்கும் அருமையான பாடல்கள் தமிழில் எண்ணற்றவை. ஆலாபனையோ ஒரு நீண்ட வயலின் தொடக்கமோ பாட்டின் உயிராக இருந்தால், வானொலிக்கும் ரீல்களுக்கும் ஒரு சுருக்கமான வடிவத்தைத் தனியே கொடுத்துவிட்டு, முழு வடிவத்தையும் அதே நாளில் வெளியிடுங்கள். இரண்டையும் ஒரே பதிவு அமர்வில் முடித்துவிட்டால் கூடுதல் செலவு அதிகம் ஆகாது. முழு வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது வெளிவருவதே அரிது.

இதே இடத்தில் பணத்தைப் பற்றிய ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பதிவுக்கான ராயல்டி எதையும் தருவதில்லை. அந்த எல்லையைத் தாண்டினாலும் நம் அளவிலான பாட்டுக்கு வருவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே போதாது. ஸ்ட்ரீமிங் வருமானத்துக்காகப் பாட்டின் உருவத்தை மாற்றுகிற சிங்கப்பூர்த் தமிழ்க் கலைஞர், கிடைக்காத பணத்துக்காக மாற்றுகிறார்.

திருமண மேடையும் விருந்து மேடையும்

திரைப்பாடல்களைப் பாடிச் சம்பாதிப்பதை விலைபோவது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருமணத்திலும் நிறுவன விருந்திலும் சமூக மன்றத்தின் தீபாவளி நிகழ்ச்சியிலும் மக்கள் தாங்கள் விரும்பும் பாட்டைக் கேட்க வருகிறார்கள். அதை நேர்த்தியாகப் பாடித் தருவது கௌரவமான தொழில். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வாரந்தோறும் பிறர் குரலின் சாயலில் பாடிப் பாடி, சொந்தப் பாட்டிலும் அந்தச் சாயல் வந்து அமர்ந்துவிடும். அது தெரிவதற்குள் ஆண்டுகள் போய்விடும்.

ஆகவே மேடைக் குழுவுக்கு ஒரு பெயரும் சொந்த இசைக்கு வேறொரு பெயரும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு கேட்டு அழைப்பவர் எதை வாங்குகிறார் என்பது அப்போது இரு தரப்புக்கும் தெளிவாக இருக்கும். தீபாவளியை ஒட்டிய வாரங்களிலும் திருமண மாதங்களிலும் மேடைக்கே நேரம் போய்விடும் என்பதால், ஆண்டின் மற்ற பகுதியில் பதிவுக்கென்று நாள்களை முன்பே ஒதுக்கி, அந்த நாள்களில் வரும் அழைப்புகளை மறுத்துவிடுங்கள். திரைப்பாடலைப் பயிற்சி செய்யும்போது ஒரு முறையேனும் மூலப் பாடகரின் சங்கதிகளை, அதாவது ஸ்வர நெளிவுகளை, விட்டுவிட்டு உங்கள் குரலுக்கு இயல்பான சங்கதிகளில் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், கூட்டம் சூடுபிடித்து, ஆனால் இன்னும் சாப்பாட்டுக்கு எழாத நேரத்தில், ஒரே ஒரு சொந்தப் பாட்டைப் பாட அனுமதி கேளுங்கள். ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

சொந்தப் பாட்டுக்கு மட்டுமேயான மேடைகளும் இந்த ஊரில் இல்லாமலில்லை. எஸ்பிளனேட் 2002இல் திறக்கப்பட்ட ஆண்டிலிருந்தே ஆண்டுதோறும் நடந்துவரும் கலா உற்சவத்தில் இலவச நிகழ்ச்சிகளும் உண்டு. ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு நடைபெறும் தமிழ்மொழி விழாவில் பல அமைப்புகள் புதிய படைப்புகளைத் தேடுகின்றன. தேசியக் கலைகள் மன்றத்தின் மானியங்களுக்கும் தெருக்கலைஞர் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழே தெரியாத வழிப்போக்கர் நின்று கேட்கிறாரா என்பதைத் தெருவில் பாடிப் பார்த்தால் அன்றே தெரிந்துவிடும். வேறு எந்தக் கருத்துக் கணிப்பும் அதைச் சொல்லாது.

சென்னைக்குப் போகும் வழி

இங்குள்ள பலருக்குப் பரவலான புகழ் என்றால் தமிழ்த் திரையுலகம்தான். அதை அடைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ‘எந்திரன்’ படத்தின் ‘இரும்பிலே ஓர் இருதயம்’ பாட்டில் 2010இல் ஏ. ஆர். ரகுமானின் இசையில் ராப் பாடியவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் லேடி காஷ். ‘வசந்தம் ஸ்டார்’ போட்டியின் வழியே அறியப்பட்டு, 2012 தேசிய தினத்தை ஒட்டி வந்த ‘சிங்கை நாடு’ பாட்டை உருவாக்கிய ஷபீர், 2019இல் வெளியான ‘சகா’ படத்துக்கு இசையமைத்தார். அதில் குறுந்தொகையின் 40ஆம் பாடலான செம்புலப்பெயனீராரின் ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்பதை வைத்து அவர் செய்த பாட்டு உலகெங்கும் தமிழர்களிடையே பரவியது.

அந்தப் பாட்டைப் புகழ் தேடுவோர் அனைவரும் கவனமாகக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். திரைப்பாட்டின் எல்லா இலக்கணங்களும் அதில் இருக்கின்றன. எளிதில் பற்றிக்கொள்ளும் மெட்டு, காதல், இருகுரல் இசை எதற்கும் குறைவில்லை. ஆனால் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வரிகளைப் பாமரருக்குப் புரியாது என்று யாரும் நீக்கிவிடவில்லை. பொதுமக்களுக்கு இது போதும் என்று நாமே தீர்மானித்துப் பாட்டைக் கீழிறக்குவதும், பொதுமக்கள் விரும்பும் மெட்டில் சிறந்த ஒன்றை வைத்துக் கொடுப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இதைவிட அருகில் ஒரு சான்று நமக்கில்லை.

திரைப்பட வாய்ப்பு வந்தால், கதைச் சூழலை முழுமையாகக் கேளுங்கள். படத்தின் பாட்டு இயக்குநரின் தேவைக்காகப் பிறக்கிறது. அதில் உங்கள் சொந்த அடையாளம் முழுவதையும் எதிர்பார்ப்பது பொருந்தாது. அதனாலேயே உங்கள் நெஞ்சுக்கு நெருக்கமான பாட்டை முதல் வாய்ப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். புதிதாக ஒன்றைச் செய்து கொடுங்கள். சென்னை வழக்கில் பாடச் சொன்னால், அது அந்தப் பாத்திரத்தின் மொழியா என்று பாருங்கள். பாத்திரம் அப்படிப் பேசுமென்றால் நடிகர் வசனம் பேசுவதுபோல நீங்களும் பாடலாம். சொந்தப் பாட்டிலும் தேக்காவில் வளர்ந்தவர் வடசென்னையில் வளர்ந்தவர்போல எழுதத் தொடங்கினால் அங்கே எச்சரிக்கை வேண்டும். நம் பேச்சில் கலந்துள்ள மலாய்ச் சொற்களும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளமும், தேசிய சேவை முகாமும் பாட்டில் வருவதற்கு நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஆங்கிலம் கேட்கும் உலகம்

வெளியே சென்று பெயர் பெறுவது இத்தீவின் இசைக்குப் புதிதன்று. ஸ்டெஃபனி சுன் 2000இலும் ஜே ஜே லின் 2003இலும் தைவானில் அறிமுகமாகித்தான் மாண்டரின் இசையுலகின் முன்னணிக்கு வந்தார்கள். சிறிய சந்தையில் பிறந்தவர்கள் பெரிய சந்தைக்குப் போவது இசைத்தொழிலின் இயல்பு. தமிழ்க் கலைஞருக்கு அந்தப் பெரிய சந்தை ஆங்கிலத்தில் இருக்கும்போது, தமிழைக் கைவிட வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடும் யங் ராஜா, அமெரிக்க ராப் இசை நிறுவனமான டெஃப் ஜாமின் தென்கிழக்காசியக் கிளையில் சேர்ந்து வட்டார அளவில் அறியப்பட்டதைப் பார்க்கும்போது, கைவிட வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. இங்கே இளையர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்; அந்தக் கலப்பு அவருக்கு இயல்பாக வருகிறது. அதே கலப்பை, வீட்டில் முழுத் தமிழ் பேசி வளர்ந்த ஒருவர் போக்குக்காகச் செய்தால் செயற்கையாக ஒலிக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ‘கொஞ்சம் இந்தியத் தன்மை’ வேண்டும் என்ற கோரிக்கை. பெரும்பாலும் அதற்குப் பொருள் சித்தாரும் தபலாவும் அடங்கிய ஆயத்த லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டு. அவை உயர்ந்த வாத்தியங்கள்; ஆனால் தமிழர் வீட்டு விசேஷத்திலும் கோயிலிலும் நாம் கேட்டு வளர்ந்தவை தவிலும் நாகசுரமும் உருமியும் பறையும். இந்தியத் தன்மை கேட்பவரிடம் உருமி மேளத்தைப் போட்டுக் காட்டுங்கள், கூடுமானால் நம் ஊர் உருமிக் குழு ஒன்றையே ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். நான் கண்டவரை, கேட்டவர் அதை விரும்புகிறார். அப்படி ஒன்று இருப்பது அவருக்கு முன்பு தெரியாது, அவ்வளவுதான்.

கையெழுத்துக்கு முன்

கலைஞர்கள் பாட்டை இழப்பது மேடையிலோ மெட்டிலோ அன்று, பெரும்பாலும் தாளில். எவ்வளவு நேர்மையாக இசையமைத்தாலும், அந்த இசையை நாளை யார் எப்படி மாற்றலாம் என்ற உரிமையை அறியாமல் எழுதிக் கொடுத்துவிட்டால், விலைபோவதை உங்களுக்காக வேறொருவர் செய்துவிடுவார்.

ஒரு பாட்டில் இருவேறு உரிமைகள் இருக்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள பதிப்புரிமை ஒன்று. பதிவு செய்யப்பட்ட ஒலிக்கு, அதாவது மாஸ்டருக்கு உள்ள உரிமை இன்னொன்று. முதலாவது, எழுதியவரின் ஆயுள் முடிந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையைத் தந்திருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவுக்கும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவரே என்றும் அச்சட்டம் மாற்றியமைத்தது. ‘வேறு உடன்பாடு இல்லாவிட்டால்’ என்பதைக் கவனியுங்கள்: உங்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தம்தான் அந்த வேறு உடன்பாடு. மேலும், பதிவை உருவாக்கியவர் என்று சட்டம் கருதுபவர் பாடியவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே மாஸ்டர் யாருடையது என்று ஒரு வரியில் எழுதி வாங்காமல் பதிவைத் தொடங்காதீர்கள்.

இந்தியத் திரைப்படத்துக்குச் செய்யும்போது, 2012இல் இந்தியா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதை நினைவில் கொள்ளுங்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டி பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி அந்தத் திருத்தம் காப்பளிக்கிறது. எல்லா உரிமையையும் ஒரே தொகைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டால், ராயல்டியைப் பற்றி மரியாதையாகக் கேட்க உங்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது.

உள்ளூரில், 1987இல் தொடங்கப்பட்ட காம்பாஸ் என்னும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கத்தில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்யுங்கள். வானொலி, தொலைக்காட்சி, மேடை ஆகியவற்றில் உங்கள் பாட்டு ஒலிக்கும்போது சேர வேண்டிய தொகை அதன் வழியே வரும். தொகை சிறிதாக இருந்தாலும் பாட்டு உங்களுடையது என்பதற்கு ஒரு பதிவு இருக்கும்.

குழுவாகச் செய்த பாட்டானால், மெட்டுக்கு யாருக்கு எத்தனை விழுக்காடு, வரிகளுக்கு யாருக்கு எத்தனை என்று பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் இது எதற்கு என்ற கூச்சம் நம்மவர்களிடம் அதிகம். பாட்டு ஓடாதவரை அந்தக் கூச்சத்தால் கேடில்லை. ஓடத் தொடங்கியதும், மெட்டு என்னுடையது, அந்த ஒரு வரி என்னுடையது என்ற பேச்சு வரும். அப்போது முறியும் நட்பை எந்தத் தாளும் ஒட்டவைக்காது. தவில் வாசித்தவர், கோரஸ் பாடிய தங்கை உட்பட அனைவரின் பெயரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் மேலும் மூன்றைக் கேளுங்கள்: வரிகளையோ மெட்டையோ மாற்றுவதற்கு முன் உங்கள் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும் என்ற விதி, விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் முன் உங்களைக் கேட்க வேண்டும் என்ற விதி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அவர்கள் வெளியிடாவிட்டால் பாட்டு உங்களிடம் திரும்பிவிடும் என்ற விதி. மூன்றுமே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. எதைத் தர மறுக்கிறார்கள் என்பதிலிருந்தே, நீங்கள் எழுதிவைத்த தொடக்கூடாதவற்றுக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்பது தெரிந்துவிடும். கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் ஒருவருக்குச் சில நூறு வெள்ளி செலவாகலாம்; அதை முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பதில் தவறில்லை.

பழி வரும்போது

பாட்டைக் கேட்காமல், சுவரொட்டியையும் உடையையும் பார்த்துப் பழிப்பவர்களுக்கு மறுமொழி தேவையில்லை. உங்கள் முதல் பாடல்களை அறிந்த, உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத, இசை தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். பழைய ஆசிரியராகவோ, பிரிந்துபோன குழுவில் வாசித்தவராகவோ இருக்கலாம். டெமோவையும் இறுதி வடிவத்தையும் பெயர் குறிப்பிடாமல் இரு கோப்புகளாக அனுப்பி, எதில் நீங்கள் அதிகம் இருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் டெமோவைச் சொன்னால் உடனே மறுக்காமல், எந்த விநாடியிலிருந்து அப்படித் தோன்றியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த விநாடி நீங்கள் வட்டமிட்ட ஒரு மாற்றத்தில் வந்து நிற்கும்.

அப்படி நின்றால், வெளியிட்டதைத் திரும்பப் பெற முயல வேண்டாம். ஒப்பந்தம் இடமளித்தால் முதல் வடிவத்தையும் வெளியிடுங்கள். இடமளிக்காவிட்டால் மேடையில் முதல் வடிவத்திலேயே பாடுங்கள். அடுத்த பாட்டில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் மறுத்துவிடுங்கள். பழி சொன்னவர் சரியாகச் சொல்லியிருந்தால் அவரைச் சந்தித்து நன்றி சொல்வதும் நல்லது. சிறிய ஊரில் உண்மையைச் சொல்லும் காது எளிதில் கிடைப்பதில்லை.

திரைப்படத்திலும் திருமண மேடையிலும் வரும் ஊதியத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, அதை அடுத்த சொந்தப் பதிவுக்கு மட்டுமே எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் பணம் இருக்கும்போது ஒரு வாய்ப்பை மறுப்பது எளிது. இல்லாதபோது மிகக் கடினம்.

மறுக்க வேண்டி வந்தால் தொலைபேசியில் மறுக்காமல் எழுத்தில் மறுங்கள். மின்னஞ்சலின் முதல் வரியில் வாய்ப்புக்கு நன்றி சொல்லுங்கள்; இரண்டாவதில் எந்த ஒரு மாற்றத்தை ஏற்க முடியவில்லை என்பதைப் பாட்டின் பெயரோடும் இடத்தோடும் குறிப்பிடுங்கள்; அதற்கு மாற்றாக எதைச் செய்து தர முடியும் என்பதை மூன்றாவதில் சொல்லுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பித் தரும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பின்னர் அந்தத் தேதிக்கு முன்பே பணத்தை அனுப்பிவிட்டு, உங்கள் டெமோ கோப்புகளையும் ஸ்டெம்களையும் (தனித்தனி வாத்திய, குரல் பதிவுகளையும்) அவர்கள் பயன்படுத்தப்போவதில்லை என்ற பதிலை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.